பல்லைப் பார்க்காமல் வாங்கலாமா?

கொங்கு நாட்டுக் குடியானவரிடம் மாடு விற்பது லேசான காரியமன்று. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் அவர் ஒரு காங்கேயங் காளையை விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். அதற்கப்புறந்தான் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசத் தொடங்குவார். அதே மனிதர் பழைய மோட்டார் கார் வாங்கப் போனாலோ, வர்ணம் பளபளவென்று இருக்கிறதா என்று பார்க்கிறார். ஹாரனை ஒரு தரம் அடித்துப் பார்க்கிறார். உடனே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்! இதன் மர்மம் நமக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவிநாசியில் நமக்கு ஒரு நண்பர் உண்டு. பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். அவருடைய வயோதிகத் தாயாருக்கு வாரம் இரு முறை கோயமுத்தூரில் சிறுநீரகச் சிகிச்சை நடக்க வேண்டும். போக நாற்பது கிலோமீட்டர், வர நாற்பது. வாடகைக் கார் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. பஸ்ஸில் ஏறி இறங்க அம்மாளுக்குச் சக்தியில்லை. ஆகவே, மனைவியின் இரண்டு வளையல்களை விற்று, சேமிப்பையும் சேர்த்து, ஒரு லட்சத்து இருபதினாயிரம் ரூபாயுடன் ஒரு பழைய கார் வாங்கப் புறப்பட்டார். துணைக்கு நம்மை அழைத்தார். நமக்குக் காரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதற்கு நான்கு சக்கரம் உண்டு என்பதுதான். எனவே நாம் ஒரு கிழ மேஸ்திரியைத் துணைக்கு அழைத்துக்கொண்டோம்.

"ஒரே கை வண்டிங்க. டாக்டர் ஓட்டினதுங்க" என்றார் தரகர். பழைய கார் விற்கும் தரகர்கள் சொல்வதை நம்புவதாயிருந்தால், நம் தேசத்தில் டாக்டர்களைத் தவிர வேறு யாரும் கார் வாங்கியதே இல்லை என்று தோன்றும்.

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. எஞ்சின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தார். சூடாயிருந்தது. "ஓட்டிச் சூடேத்தி வெச்சிருக்காங்க. ஆறட்டுமுங்க, டீ குடிச்சுட்டு வரலாம்" என்றார். காரணம் கேட்டோம். நோயுள்ள எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் தன் நோயைக் காட்டும். சூடானபின் எல்லா எஞ்சினும் யோக்கியம் போலவே நடிக்கும் என்று விளங்கிற்று.

ஒரு மணி நேரம் கழித்து எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தார். அதன் அடிப்புறத்தில் பால் காப்பி நிறத்தில் களிம்பு படிந்திருந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் எண்ணெயோடு கலக்கிறது என்பதற்கு அது அறிகுறி. கிளப்பினார், வெள்ளைப் புகை வந்தது. விடியற்காலைக் குளிரில் சற்றே வெண்புகை வருவது சகஜம். ஆனால் இது நிற்கவே இல்லை. நீலப் புகையானால் எண்ணெய் எரிகிறது என்றும், கரும் புகையானால் பெட்ரோலோ டீஸலோ அளவுக்கு மீறிச் செலவாகிறது என்றும் மேஸ்திரி நமக்குப் பாடம் சொன்னார்.

பிறகு மடியிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்து, மெல்லிய துணியில் சுற்றி, வண்டியின் உடம்பெங்கும் வைத்துப் பார்த்தார். இடது கதவில் காந்தம் ஒட்டவில்லை. இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் பட்டி பூசி வர்ணம் அடித்திருந்தது. எங்கேயோ பலமாக மோதிய வண்டி! மீட்டர் நாற்பத்திரண்டாயிரம் கிலோமீட்டர் என்று சாதித்தது. பிரேக் மிதியின் ரப்பரோ வழுக்கைத் தலைபோல் தேய்ந்திருந்தது. மீட்டரைத் திருப்பலாம், மிதியைத் திருப்ப முடியுமா? டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் உண்டு: முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் நன்றாயிருந்தாலும், அத்தனை வயதான ரப்பரை நம்பித் தாயாரை நெடுஞ்சாலையில் ஏற்றலாமா?

எல்லாவற்றிற்கும் சிகரமாக வந்தது ஆர்.ஸி. புத்தகம். அதில் கடன் கொடுத்த கம்பெனியின் பெயர் இன்னும் இருந்தது. கடன் தீர்ந்ததற்கு அந்தக் கம்பெனியின் கடிதமும் 35-ஆம் பாரமும் இல்லாவிட்டால், நாம் வாங்குவது காரல்ல, பிறர் கடன். மேலும், சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதற்குமேல் பரிசோதனை செய்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாயிற்று. இருபது ஆண்டு கடந்தவற்றுக்கு 2025-இல் இன்னும் உயர்ந்தது. இந்த வண்டிக்கோ பதினோரு மாதமே பாக்கி. மலிவு விலையின் ரகசியம் இப்போது வெளிப்பட்டது.

நண்பரின் முகம் வாடிற்று. "ஏனுங்க, இத்தனை பார்த்தா எந்த வண்டிதான் வாங்கறது?" என்றார். நியாயமான கேள்விதான். பழைய வண்டி என்றால் குறையில்லாமல் இராது. எந்தக் குறை பணத்தால் தீரும், எது தீராது என்று அறிவதே காரியம். பாட்டரி, டயர், பிரேக் கட்டை மாற்றிவிடலாம். விபத்தில் வளைந்த அடிச்சட்டமும், வெள்ளத்தில் மூழ்கிய வண்டியும், வில்லங்கமுள்ள காகிதமும் தீராத வியாதிகள். 2015-லும் 2023-லும் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ கார்கள் மூழ்கின. அப்படிப்பட்டது ஒன்று மலிவாக நம்மூர் வந்து சேரக்கூடும். ஸீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். உள்ளே சேற்றுக் கறை இருந்தால் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்புங்கள்.

ஜி. டி. நாயுடு அவர்கள் இளமையில் ஒரு வெள்ளைக்கார உத்தியோகஸ்தரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் மோகங்கொண்டு, கோயமுத்தூரில் ஹோட்டல் வேலை செய்து பணம் சேர்த்து, அதை வாங்கிய கதை நாடறிந்தது. வாங்கியதும் அவர் செய்த முதல் காரியம், அதை அக்கு அக்காகக் கழற்றிப் பார்த்ததுதான். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். மூடியைத் திறந்தாவது பார்க்கலாமல்லவா?

மூன்று வாரங்களுக்குப் பின் வேறொரு வண்டி கிடைத்தது. வர்ணம் மங்கல், கதவில் இரண்டு கீறல். ஆனால் எஞ்சின் குளிர்ந்த நிலையில் ஒரே திருகலில் கிளம்பிற்று. மேஸ்திரி ஆளில்லாத சாலையில் பிரேக் போட்டபோது எப்பக்கமும் இழுக்காமல் நின்றது. விலை தொண்ணூற்றையாயிரம், மிச்சப் பணத்தில் டயரும் பிரேக்கும் பெட்ரோல் குழாய்களும் புதிதாயின. இப்போது விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால், பழைய ரப்பர்க் குழாய்களைக் கவனிப்பது நல்லது. 29, 30 பாரங்களில் கையெழுத்தாகி, ஆர்.ஸி.யும் இன்ஷ்யூரன்ஸும் நண்பர் பெயருக்கு மாறின. விற்றவருக்கும் இது க்ஷேமம். பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால், பதிவிலுள்ளவரே பொறுப்பு என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது.

முதல் நாள் பிரயாணத்துக்கு முன் வண்டியைக் கோயில் வாசலில் நிறுத்தினார்கள். முதலை விழுங்கிய பாலகனைச் சில ஆண்டு கழித்துச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் பதிகம் பாடி மீட்ட ஸ்தலம் அல்லவா அவிநாசி? அம்மாள் பின் ஸீட்டில் சாய்ந்துகொண்டு, "ஏங்கண்ணு, வண்டி குலுங்கவே இல்லையே!" என்றாள். நண்பர் நம்மைப் பார்த்தார். நாம் மேஸ்திரியைப் பார்த்தோம்.

முதலை விழுங்கிய பிள்ளை மீண்டது சுவாமிகளின் வாக்கினால். பழைய கார் விழுங்கிய பணத்தை மீட்க நம்மிடம் பதிகம் ஏதும் இல்லை. ஆகையால் நேயர்களே, பல்லைப் பார்த்து வாங்குங்கள்!