அத்தையின் பவுடர் டப்பா



போன ஆடி மாதம் வீட்டை ஒதுக்கிக் கழுவும்போது அத்தையின் தலையணை உறைக்குள் ஒரு பழைய பவுடர் டப்பா கிடைத்தது. திறந்து பார்த்தால் உள்ளே மாத்திரைகள். முழுசு கொஞ்சம், பாதி பாதியாக உடைத்தது நிறைய. எனக்குத் திக்கென்றது.

"ஏன் அத்தை இப்பிடிச் செஞ்சிய?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகுதான், "எம் மவன் மாசக் கடைசியில முதலாளிகிட்ட முன்பணம் கேட்டு நிக்கான். பாதியத் தின்னா பாதி மிச்சம்லா தாயி" என்றார். "இந்த மாசம் வாங்காண்டாம், போன மாசத்து அட்டை மிச்சம் கெடக்கு" என்று அவர் பலமுறை சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அட்டை எப்படி மிஞ்சியது என்று நான் ஒரு நாளாவது கேட்டேனா? இல்லை. செலவு மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். அதுதான் என்னைச் சுடுகிறது.

அந்தச் சமயம் அத்தையின் கால் பெருவிரலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. செருப்புக் கடி என்று மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். ரத்தம் சோதித்தால் சர்க்கரை 340. "இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா விரலை எடுக்க வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர். புண் ஆற மூன்று மாதம் ஆனது. அத்தை தின்றதில் ஒன்று மெதுவாகக் கரையும் வகை. அதை உடைத்தால் மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் இறங்கிவிடுமாம். மிச்சம் பிடித்த பாதி போக, தின்ற பாதியும் சரியாக வேலை செய்யவில்லை.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். என் கணவருக்கு ஏரல் பஜாரில் பாத்திரக்கடையில் வேலை. சம்பளம் 14,000 ரூபாய். அத்தைக்குச் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றுக்கும், கணவருக்குப் பிரஷருக்கும் சேர்த்து மாத்திரைச் செலவு மாதம் 2,400. சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்தது. பாலம் சேதமாகி ஏரலே தீவு போல ஆனது. பீரோவோடு மாத்திரையும் போனது, கடைகள் மூழ்கிக் கணவருக்கு வேலையும் நின்றது. அத்தை மாத்திரையை உடைக்க ஆரம்பித்தது அப்போதுதானாம்.

ஒரு மாத்திரை ஏன் இந்த விலை விற்கிறது? நான் பத்தாவது வரைதான் படித்தவள். ஆனாலும் இதற்குப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அட்டையின் பின்புறம் பாருங்கள். கம்பெனி வைத்த பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் ஒன்று என்று இரண்டு இருக்கும். ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் பல பெயரில், பல விலையில் விற்கின்றன. துவரம்பருப்பை எந்தப் பையில் போட்டாலும் துவரம்பருப்புதானே!

அரசு சும்மா இருக்கவில்லை. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு 2013 விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உச்ச விலை உண்டு. ஆனால் அந்த உச்ச விலையை எப்படிப் போடுகிறார்கள்? தயாரிக்க என்ன செலவாகிறது என்று பார்ப்பதில்லை. ஏற்கெனவே கடையில் விற்கிற விலைகளின் சராசரியை எடுத்து, அதன்மேல் கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்க்கிறார்கள். வருஷா வருஷம் மொத்த விலைவாசியைப் பார்த்து ஏற்றவும் செய்யலாம். 2022 ஏப்ரலில் 10 சதவீதத்துக்கு மேலும், 2023 ஏப்ரலில் 12 சதவீதத்துக்கு மேலும் ஏற்ற அனுமதி கிடைத்தது. பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு இந்த உச்ச விலையே கிடையாது. வருஷத்துக்கு 10 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளலாம். எங்கள் வீட்டுக்காரருக்கு அப்படி எந்த முதலாளி ஏற்றித் தருகிறார்?

2025 செப்டம்பர் 22 முதல் மருந்துக்கான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமானது. நல்ல காரியம்தான். ஆனால் நூறு ரூபாய்க்கு ஆறு ரூபாய்தான் குறையும். பெரிய மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மருந்துக்கு 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்தது. அறுபது ரூபாய் அளவில் விற்ற ஒரு மாத்திரையைப் பல கம்பெனிகள் பத்து ரூபாய்க்கும் கீழே கொடுத்தன. போட்டி வந்தால் விலை எங்கே நிற்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நம் தமிழ்நாடு இதில் முன்னோடி. 1994-ல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம், அரசு ஆஸ்பத்திரிகளுக்கான மருந்தை மருந்தின் பெயரிலேயே டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குகிறது. ஆய்வுக்கூடத்தில் சோதித்த பிறகே கொடுக்கிறது. கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தொடங்கின. 2021 ஆகஸ்டு 5-ல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் 2008 முதல் உள்ளன. 2025 பிப்ரவரி 24-ல் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள்.

இவ்வளவும் இருந்தும் நான் ஏன் 2,400 கொடுத்தேன்? "தர்மத்துக்குக் கொடுக்கிற மாத்திரை கேக்காது" என்று அத்தை நினைத்தார். நானும் நினைத்தேன். அது ஒன்று. டாக்டர் சீட்டில் எழுதுவது கம்பெனி பெயரை. அந்தச் சீட்டைக் காட்டினால் கடைக்காரர் தானாக வேறு கம்பெனி மாத்திரையை மாற்றிக் கொடுக்கச் சட்டமே இடம் தரவில்லை. அது இன்னொன்று. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், டாக்டர்கள் மருந்தின் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. தரத்துக்கு யார் பொறுப்பு என்று டாக்டர்கள் சங்கம் எதிர்த்தது. அதே மாதமே விதியை நிறுத்தி வைத்தார்கள். அவர்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தரமில்லாத மாத்திரையை மலிவாகக் கொடுத்து யாருக்கு என்ன லாபம்? ஆனால் அதற்குப் பரிகாரம், எல்லா மருந்தையும் கண்டிப்பாகச் சோதிப்பதுதான். அரசு ஆஸ்பத்திரி மருந்துக்கு நடக்கிற சோதனை கடை மருந்துக்கும் ஏன் நடக்கக் கூடாது?

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்களிடம் இருக்கிறது. படுக்கையில் சேர்ந்தால் அது கை கொடுக்கும். படுக்கையில் விழாமல் காப்பாற்றுகிற மாதாந்திர மாத்திரைக்கு உதவாது. விரலை எடுக்கக் காசு உண்டு, விரலைக் காக்கக் காசு இல்லை என்றால் என்ன கணக்கு இது?

இப்போது டாக்டரிடம் கூச்சப்படாமல், "மருந்து பேரை எழுதித் தாங்க சார்" என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை, எழுதித் தந்தார். இரண்டு மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது. மற்றதைக் கணவர் தூத்துக்குடிக்குச் சரக்கு எடுக்கப் போகும்போது மலிவு விலை மருந்தகத்தில் வாங்கி வருகிறார். மாதம் 650 ரூபாய்தான் ஆகிறது. அத்தைக்குச் சர்க்கரை 150-க்குள் நிற்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன், டாக்டரைக் கேட்காமல் நீங்களாக மாற்றாதீர்கள். வலிப்பு, தைராய்டு மாத்திரை என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

அரசுகள் செய்யட்டும், டாக்டர்கள் யோசிக்கட்டும். நாம் இன்றைக்கே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள். கணக்குக்கு மேல் மிஞ்சியிருந்தால் மிச்சம் என்று சந்தோஷப்படாதீர்கள். நான் பட்ட சந்தோஷம் போதும்.

- ஒரு வாசகி, ஏரல்.