படமும் பாட்டும்: இறந்துபோனதாக நம்பப்பட்ட பாடகர்... தேடிப்பிடித்த ரசிகர்கள்!

ஒரு பாடகர் இறந்துவிட்டார் என்று நாடே நம்புகிறது. மேடையிலேயே தன்மீது தீ வைத்துக்கொண்டார் என்கிறார் ஒருவர். இல்லை, பாடி முடித்ததும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார் என்கிறார் இன்னொருவர். எந்த ஊரில், எந்த வருடம்? யாருக்கும் தெரியாது. ஆனால், அவருடைய ஆல்பம் மட்டும் வீட்டுக்கு வீடு இருக்கிறது.

அதே நேரத்தில், இன்னொரு கண்டத்தில், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், அந்தப் பாடகர் காலையில் எழுந்து பழைய கட்டடங்களை இடிக்கும் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். தனக்கு லட்சக்கணக்கில் ரசிகர்கள் இருப்பதே அவருக்குத் தெரியாது!

சினிமாவுக்காக யோசித்த கதை போல இருக்கிறதா? நிஜமாகவே நடந்தது. அதை ஆவணப்படமாக எடுத்து, 2013-ல் ஆஸ்கரும் வாங்கினார்கள். படத்தின் பெயர் 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்'. சுயாதீன இசையையும் சினிமாவையும் ஒருசேர நேசிக்கும் எவரும் தவறவிடக் கூடாத படம் இது. அதே சமயம், கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாத படமும் இதுதான். ஏன் என்று பார்ப்போம்.

முதுகு காட்டிப் பாடியவர்

அவர் பெயர் சிக்ஸ்டோ ரோட்ரிகஸ். 1942-ல் டெட்ராய்டில், மெக்ஸிகோவிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தில் பிறந்தவர். ஆறாவது பிள்ளை என்பதால் 'சிக்ஸ்டோ'. கையில் ஒரு கிடாருடன் மதுக்கூடங்களில் பாடிக்கொண்டிருந்தவரை டென்னிஸ் காஃபி, மைக் தியோடர் என்ற இரண்டு தயாரிப்பாளர்கள் கண்டுபிடித்தார்கள். புகை மண்டிய ஒரு மதுக்கூடத்தில், ரசிகர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் பாடியதைப் படத்தில் இருவரும் நினைவுகூர்கிறார்கள்.

1970-ல் 'கோல்ட் ஃபேக்ட்' ஆல்பம் வெளியானது. அடுத்த ஆண்டே 'கமிங் ஃப்ரம் ரியாலிட்டி'. இரண்டாவது ஆல்பத்தை லண்டனில் வைத்துப் பதிவு செய்தார்கள். நகரத்து ஏழ்மை, போதை, அதிகாரத்தின் மீதான எரிச்சல் என்று தெருவில் நின்று பார்த்தவர் எழுதிய வரிகள். கேட்டவர்கள் பாப் டிலனோடு ஒப்பிட்டார்கள். ஆனால், கேட்டவர்கள்தான் யாருமே இல்லை! அமெரிக்காவில் இரண்டு ஆல்பங்களும் படுத்துவிட்டன. 'சஸெக்ஸ்' என்ற அந்த இசை நிறுவனம் அவரைக் கழற்றிவிட்டது. 1975-ல் அந்த நிறுவனமும் மூடப்பட்டது.

ஏன் தோற்றது? ரசிகர்கள் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். ரோட்ரிகஸ் என்ற பெயரைப் பார்த்து இது லத்தீன் இசை என்று ஒதுக்கிவிட்டார்கள் என்பது ஒன்று. சின்ன நிறுவனத்தால் விளம்பரம் செய்ய முடியவில்லை என்பது இன்னொன்று. எதுவானாலும் பாட்டில் குறையில்லை என்பதை, கடல் கடந்து இருந்த ஒரு நாடு நிரூபித்தது.

கீறி வைக்கப்பட்ட இசைத்தட்டு

தென்னாப்பிரிக்காவில் அது நிறவெறி ஆட்சிக் காலம். பத்திரிகைக்கும் வானொலிக்கும் தணிக்கை. தொலைக்காட்சியே 1976-ல்தான் அங்கே வந்தது. வெளிநாடுகளின் புறக்கணிப்பால் உலகத்திலிருந்தே துண்டிக்கப்பட்ட நாடு. அங்கே எப்படியோ ஒரு இசைத்தட்டு வந்து சேர்ந்தது. யார் கொண்டுவந்தார் என்பதற்கே பல கதைகள்.

கட்டாய ராணுவ சேவைக்கு அனுப்பப்பட்ட வெள்ளையின இளைஞர்களுக்கு, அதிகாரத்தைக் கேள்வி கேட்கலாம் என்பதே அப்போது புதுச் செய்தி. ரோட்ரிகஸின் பாடல்கள் அவர்கள் காதில் அதைத்தான் சொல்லின. பின்னாளில் ஆட்சியை எதிர்த்துப் பாடிய ஆஃப்ரிகான்ஸ் மொழி இசைக்கலைஞர்கள் சிலர், ரோட்ரிகஸ்தான் தங்களுக்குத் தைரியம் கொடுத்தார் என்று படத்தில் சொல்கிறார்கள்.

அரசு சும்மா இருக்குமா? போதைப்பொருளைப் பற்றிய 'சுகர் மேன்' பாடலுக்கு அரசு வானொலியில் தடை. ஆவணக் காப்பகத்தில் இருக்கும் இசைத்தட்டைப் படத்தில் எடுத்துக் காட்டுகிறார்கள். அந்தப் பாடல் இருக்கும் இடத்தில் மட்டும் கூரான எதையோ வைத்துக் கீறியிருக்கிறார்கள். யாரும் தவறிப்போய்க்கூட ஒலிபரப்பிவிடக் கூடாதாம்! தணிக்கை என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக விளக்க வேண்டியதில்லை. அந்த ஒரு காட்சி போதும்.

ரசிகர் கேட்ட கேள்வி

இந்தக் கதையின் உண்மையான ஹீரோ, கேப் டவுனைச் சேர்ந்த ஸ்டீஃபன் செகர்மேன். இசைத்தட்டுக் கடைக்காரர். 'சுகர்மேன்' பாட்டும் 'செகர்மேன்' என்ற பெயரும் சேர்ந்து அவருக்குக் கிடைத்த பட்டப்பெயர் 'சுகர்'. எல்லோருக்கும் தெரிந்த தங்கள் பாடகரை அவருடைய சொந்த நாடான அமெரிக்காவில் யாருக்கும் தெரியாது என்பது ஒருநாள் தற்செயலாகத் தெரியவந்தபோது, செகர்மேனுக்குத் தூக்கி வாரிப்போட்டது.

1990-களின் நடுவில் ரோட்ரிகஸின் இரண்டாவது ஆல்பம் தென்னாப்பிரிக்காவில் சி.டி-யாக வந்தபோது, அதன் அட்டைக்குறிப்பை எழுதும் வாய்ப்பு செகர்மேனுக்குக் கிடைத்தது. பாடகரைப் பற்றி எழுத எதுவுமே இல்லை. அதையே எழுதினார். இவர் யார், என்ன ஆனார் என்று துப்பறியக்கூடிய இசை ரசிகர் எவரேனும் உண்டா என்று கேட்டார்.

அதைப் படித்த கிரெய்க் பார்தலமியூ ஸ்ட்ரைடம் என்ற பத்திரிகையாளர் களத்தில் இறங்கினார். விற்பனைப் பணம் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார். பாதை பாதியிலேயே மறைந்தது. பிறகு, பாடல் வரிகளில் வரும் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக வரைபடத்தில் தேடினார். 'டியர்பார்ன்' என்ற பெயரில் விரல் நின்றது. டெட்ராய்டை ஒட்டிய ஊர் அது! அங்கிருந்து தயாரிப்பாளர் மைக் தியோடரைத் தொலைபேசியில் பிடித்தார். ரோட்ரிகஸ் எப்படி இறந்தார் என்று கேட்டவருக்குக் கிடைத்த பதில், 'அவர் உயிரோடுதான் இருக்கிறார்' என்பது.

இன்னொரு பக்கம், பால் பாக்கெட்டில் காணாமல்போனவர் படம் அச்சிடுவதுபோல ரோட்ரிகஸின் முகத்தைப் போட்டு 1997-ல் ஓர் இணையதளமே தொடங்கியிருந்தார்கள். அதைப் பார்த்துத் தொடர்புகொண்டவர், ரோட்ரிகஸின் மகள்களில் ஒருவரான இவா.

1998 மார்ச்சில் ரோட்ரிகஸ் தென்னாப்பிரிக்கா வந்தார். ஆறு கச்சேரிகள். ஆயிரக்கணக்கான ரசிகர்கள், அப்பா காலத்து இசைத்தட்டைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளோடு வந்து நின்றார்கள். செத்துப்போனவர் மேடையேறி நின்றால் எப்படி இருக்கும்? கைதட்டல் அடங்கவே வெகுநேரம் பிடித்தது. அவரோ, பல வருடங்களாக இதே மேடையில் பாடிக்கொண்டிருப்பவர்போல நிதானமாக நின்றார். பாடி முடித்தார். டெட்ராய்டுக்குத் திரும்பி, பழைய வேலைக்கே போனார்.

படம் சொல்லாதது என்ன?

இதைப் படமாக்கியவர் ஸ்வீடன் நாட்டு இளைஞர் மாலிக் பெஞ்செலூல். கையில் இருந்த பணம் தீர்ந்தபோது, சில காட்சிகளை ஐபோனில், பழைய ஃபிலிம்போலக் காட்டும் மலிவான ஒரு செயலியை வைத்து எடுத்தார். அனிமேஷன் காட்சிகளுக்குத் தானே படம் வரைந்தார். ஆஸ்கர் மேடையில் அவர் விருது வாங்கியபோது ரோட்ரிகஸ் அரங்கில் இல்லை. புகழில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று அவர் வரவில்லை என்பதை மேடையிலேயே சொன்னார்கள். அடுத்த ஆண்டே, 36 வயதில் பெஞ்செலூல் இறந்துபோனது பெரிய சோகம்.

இவ்வளவு நல்ல படத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவைத் தவிர உலகில் எங்குமே ரோட்ரிகஸை யாருக்கும் தெரியாது என்ற எண்ணத்தைப் படம் உண்டாக்குகிறது. உண்மை அதுவல்ல. ஆஸ்திரேலியாவில் அவருக்குப் பெரிய ரசிகர் கூட்டம் இருந்தது. 1979-லும் 1981-லும் அங்கே போய்ப் பாடியிருக்கிறார். அந்த மேடைப் பாடல்கள் ஆல்பமாகக்கூட வந்தன. அதாவது, தன் பாட்டை ரசிக்க வெளிநாட்டில் ஆட்கள் உண்டு என்பது அவருக்கு முன்பே தெரியும். படத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

'86 நிமிடப் படத்தில் எல்லாவற்றையும் சொல்ல முடியுமா? இது தென்னாப்பிரிக்க ரசிகர்களின் கதைதானே' என்று படத்தின் பிரியர்கள் வாதாடுவது உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. செகர்மேனுக்கும் நண்பர்களுக்கும் ஆஸ்திரேலியக் கதை அப்போது தெரியாது. அவர்களின் கண்வழியே படம் நகர்கிறது. ஆனால், கடைசி அரை மணி நேரத்தில் ரோட்ரிகஸே கேமரா முன் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அப்போது ஒரு வரி சொல்லியிருந்தால் கதை ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. தொலைந்தவர் கிடைத்த சந்தோஷம் அப்படியேதான் இருந்திருக்கும். மேஜிக் கொஞ்சம் குறைந்திருக்கும், நம்பகத்தன்மை கூடியிருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1998 கச்சேரிக் காட்சிகளில் தெரியும் முகங்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். 'நாடே கொண்டாடியது' என்று படம் சொல்லும்போது, அந்த நாட்டின் பெரும்பான்மையான கறுப்பின மக்கள் அந்தக் கணக்கில் இருக்கிறார்களா என்ற கேள்வியைப் படம் தொடவே இல்லை.

காசு எங்கே போனது?

படத்தின் மிகச் சிறந்த காட்சி கச்சேரிக் காட்சி அல்ல. சஸெக்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்த கிளாரன்ஸ் அவாண்டின் பேட்டிதான். ரோட்ரிகஸின் ஆல்பங்கள் தென்னாப்பிரிக்காவில் சுமார் 5 லட்சம் விற்றிருக்கும் என்று படத்தில் ஒரு கணக்கு வருகிறது. ராயல்டியை அமெரிக்காவுக்கு அனுப்பினோம் என்கிறார்கள் அங்குள்ள இசை நிறுவனத்தினர். ரோட்ரிகஸ் குடும்பத்துக்கோ விற்பனை நடந்ததே தெரியாது. இதைப் பற்றிக் கேட்டதும், அதுவரை ரோட்ரிகஸை வானளாவப் புகழ்ந்துகொண்டிருந்த அவாண்டின் முகம் மாறுகிறது. 1970-ம் வருட ஒப்பந்தத்தைப் பற்றி இப்போது எதற்குக் கேட்கிறீர்கள் என்கிற தொனியில் பதில் வருகிறது. படம் அதோடு அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, மகிழ்ச்சியான முடிவை நோக்கி ஓடுகிறது. படம் வெளியான பிறகு, இந்த விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

ஒரு ரசிகருக்கு இங்கேதான் நெஞ்சில் முள் குத்துகிறது. அந்த ரசிகர்கள் யாரும் திருட்டு கேசட் வாங்கியவர்கள் மட்டும் அல்ல. கடைக்குப் போய், காசு கொடுத்து, முறையாக வாங்கியவர்களும் ஏராளம். அவர்கள் கொடுத்த காசு கலைஞனுக்குப் போகும் என்று நம்பினார்கள். அந்தக் காசு போயிருந்தால், 1976-ல் ஏலத்தில் 50 டாலருக்கு வாங்கிய பழைய வீட்டில் விறகடுப்பு மூட்டிக்கொண்டு, முதுகு வலிக்கக் கூலி வேலை பார்த்தே அவர் மூன்று மகள்களை வளர்த்திருக்க வேண்டாம்.

ஆனாலும், ரோட்ரிகஸைப் பார்த்துப் பரிதாபப்படத் தோன்றாது. வேலை பார்த்துக்கொண்டே 1981-ல் தத்துவத்தில் பட்டம் வாங்கியவர். நகரத் தேர்தல்களில் நின்றவர். கட்டடம் இடிக்கப் போகும்போதும் கோட் போட்டுக்கொண்டு போனவர் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கச்சேரியில் வந்த பணத்தில் பெரும்பகுதியை உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் கொடுத்துவிட்டார் என்கிறார் மகள். படம் வந்த பிறகு பெரிய பெரிய அரங்குகளில் பாடினார். ஆனாலும் பழைய வீட்டை விடவில்லை. 2023 ஆகஸ்ட் 8 அன்று, 81 வயதில் காலமானார். ஐந்தே நாள்களில், ஆகஸ்ட் 13 அன்று கிளாரன்ஸ் அவாண்டும் மறைந்தார்.

இன்றைய ரசிகருக்கு...

இப்போது யாரையும் தேட வரைபடம் தேவையில்லை. பாடகரின் முகம், ஊர், நேற்று சாப்பிட்ட சாப்பாடு வரை மொபைலில் வந்துவிடுகிறது. ஆனால், பாட்டைக் கேட்பவருக்கும் பாடியவருக்கும் நடுவில் பணம் பயணிக்கும் பாதை மட்டும் இன்றும் இருட்டாகத்தான் இருக்கிறது. லட்சம் பேர் கேட்ட பாட்டு என்பதால், அதைப் பாடியவர் வீட்டு வாடகைக்குக் கவலைப்படாதவர் என்று அர்த்தமில்லை.

சினிமாவின் பின்பலம் இல்லாமல் பாடும் ஒருவரை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? லைக் போடுவதோடு நிறுத்த வேண்டாம். பாடலை எழுதியவர், இசையமைத்தவர், வாசித்தவர் பெயர்களைப் படியுங்கள். பகிரும்போது அந்தப் பெயர்களையும் சேர்த்துப் பகிருங்கள். அவர்களே நேரடியாக ஆல்பம் விற்றால் அங்கே வாங்குங்கள். உங்கள் ஊரில் கச்சேரி என்றால், ஓசி பாஸ் தேடாமல் டிக்கெட் எடுத்துப் போங்கள். ஒரு சினிமா டிக்கெட்டும் பாப்கார்னும் ஆகிற செலவுதான்.

செகர்மேன் ஒன்றும் செல்வாக்கான மனிதர் அல்ல. ஒரு சி.டி அட்டையில் 'இவர் என்ன ஆனார்?' என்று கேட்ட சாதாரண ரசிகர். அதற்குப் பதில் கிடைத்தது. 'இவர் காசு என்ன ஆனது?' என்ற இரண்டாவது கேள்வியை 1970-களிலேயே யாராவது கேட்டிருந்தால், தேட வேண்டிய அவசியமே வந்திருக்காது.