பிரசவத்தோடு முடியாத ரத்த அழுத்தம்

புது தில்லி: கர்ப்ப காலத்தில் தோன்றும் உயர் ரத்த அழுத்தம் பிரசவத்துக்குப் பின் பெரும்பாலான தாய்மார்களுக்குத் தணிந்துவிடுகிறது. ஆனால், கருவில் வளர்ந்த குழந்தையிடம் அதன் தாக்கம் பல ஆண்டுகள் நீடிக்கக் கூடும் என ஆய்வுகள் உணர்த்துகின்றன. நாட்டின் தாய்-சேய் நலத் திட்டங்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டிய தருணம் இது.

கருவுற்ற 20 வாரங்களுக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90 அளவை எட்டி, சிறுநீரில் புரதமும் வெளியேறினால் அது பிரீ-எக்லாம்ப்சியா எனப்படுகிறது. அப்போது நஞ்சுக்கொடிக்குச் செல்லும் ரத்தம் குறைகிறது. தாயின் கார்டிசால் ஹார்மோன் அளவுக்கு மீறிக் கருவைச் சென்றடையாமல் தடுக்கும் நொதி நஞ்சுக்கொடியில் உள்ளது. இந்நோயில் அதன் செயல்பாடும் குறைவது கண்டறியப்பட்டுள்ளது. இதனால் குழந்தையின் ஹார்மோன் கட்டுப்பாட்டு அமைப்பு உருவாகும்போதே மாறுதலுக்கு உள்ளாகலாம் என்பது விஞ்ஞானிகளின் கருத்து.

பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் வெளியான அறிக்கையின்படி, இத்தகைய தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பின்னாளில் ரத்த அழுத்தம் சராசரியாக 2 மி.மீ.க்கு மேல் கூடுதலாக இருந்தது. உடல் பருமன் குறியீடும் அதிகமாக இருந்தது. பரம்பரைக்கும் தாயின் உடல் எடைக்கும் இதில் பங்கு உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை.

இந்தியாவுக்கு இது கூடுதல் கவலை தருவதாகும். இந்தியக் குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தாலும் உடலில் கொழுப்பின் பங்கு ஒப்பீட்டளவில் அதிகம் என்பதை 1993-ல் புணேயில் தொடங்கிய ஆய்வு வெளிப்படுத்தியது. நீரிழிவுக்கு வழிவகுக்கும் இந்த உடல்வாகுடன் கருப்பருவ ரத்த அழுத்தப் பாதிப்பும் சேர்ந்தால் ஆபத்து கூடவே செய்யும்.

பிரசவ கால மரணங்களைக் குறைப்பதில் நாடு கண்டுள்ள முன்னேற்றம் பாராட்டத்தக்கது. உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 2004-06-ல் 254 ஆக இருந்த தாய்மார் இறப்பு, 2018-20-ல் 97 ஆகக் குறைந்தது. எனினும், 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மருத்துவமனைப் பிரசவங்கள் சுமார் 89 சதவீதத்தை எட்டியபோதும், 4 முறையாவது கர்ப்ப காலப் பரிசோதனை செய்துகொண்டோர் ஏறக்குறைய 58 சதவீதமே. அழுத்தம் உயர்வதை உரிய நேரத்தில் அறியும் வாய்ப்பு மற்றவர்களுக்குக் குறைவு.

தாய்-சேய் பாதுகாப்பு அட்டையில் ரத்த அழுத்தம் பதிவாகிறது. 18 வயது வரையிலான சிறாரைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டமும் 2013 முதல் உள்ளது. பிறவிக் குறைகள், ஊட்டச்சத்துக் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் போன்றவற்றை மையமாகக் கொண்ட அத்திட்டத்தில், தாயின் அட்டையைப் பார்த்து, பாதிப்பு வாய்ப்புள்ள குழந்தையின் எடையையும் ரத்த அழுத்தத்தையும் கண்காணிப்பதற்குப் புதிய கட்டடங்கள் தேவையில்லை. இரு பதிவேடுகளையும் இணைத்தாலே போதும்.