யாருடைய பல்கலைக்கழகம்?

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியானதும் கல்முனைக் கரையோர வீடுகளில் ஒரு விவாதம் தொடங்கிவிடுகிறது. பேராதனைக்கும் கொழும்புக்கும் இசட் புள்ளி எட்டாத விஞ்ஞான மாணவனுக்கு அண்மையிலுள்ள கதவுகள் இரண்டு: வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம், சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம். விண்ணப்பத்தின் விருப்ப ஒழுங்கில் எதை முன்னே எழுதுவது?

பாண்டிருப்பில் ஒரு தந்தை சம்மாந்துறையைச் சுட்டி, "அது அவங்கட கம்பஸ், நமக்கெதுக்கு?" என்கிறார். மருதமுனையில் மற்றொரு தந்தை வந்தாறுமூலையைச் சுட்டி, அதே சொற்களைச் சொல்கிறார். மருதமுனைத் தறியில் நெய்த சாரத்தை உடுத்துபவர்தாம் முன்னவர். பாண்டிருப்புச் சந்தியைக் கடந்தே நாளும் கல்முனைக்குப் போகிறவர்தாம் பின்னவர். துணிக்கும் தெருவுக்கும் இல்லாத வேலி கல்விக்கு மட்டும் ஏன்?

இவ்வச்சம் வெறும் மூடத்தனம் என்று கூறேன். 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். செப்டம்பர் 5 அன்று வந்தாறுமூலை வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தோரில் 158 பேரை இராணுவத்தினர் கொண்டு சென்றனர், அவர்கள் மீளவில்லை. அந்தக் குருதி காயாத காலத்தில், வந்தாறுமூலைக்குச் செல்ல இயலாத முஸ்லிம் மாணவர்களின் தேவையிலிருந்தே 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி பிறந்தது. ஆயினும், காயத்தை நினைவில் வைத்திருப்பது வேறு. அதையே முதுசமாகப் பிள்ளைக்கு எழுதிவைப்பது வேறு.

இரண்டுமே அரச பல்கலைக்கழகங்கள்; இரண்டையும் நடத்துவது மக்களின் வரிப்பணம். தொலைதூரச் சிங்கள ஊர்களின் பிள்ளைகளும் இரண்டிலும் வந்து பயில்கின்றனர். அடுத்த ஊரானோ வாசலிலே தயங்கி நிற்கிறான்!

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பிள்ளை விரும்பும் பாடத்தில் நான்காண்டுச் சிறப்புப் பட்டம் உண்டா? அதற்குத் தெரிவாக எத்தகைய பெறுபேறு வேண்டும்? ஆய்வுகூடத்துக் கருவிகள் இயங்குகின்றனவா? விரிவுரையாளர் வெற்றிடங்கள் எத்தனை? தமிழில் பௌதிகம் கற்ற மாணவன் ஆங்கில விரிவுரையைத் தொடர என்ன உதவி கிடைக்கும்? விஞ்ஞானப் பட்டம் ஆங்கிலத்தில் நடப்பதால் முதலாண்டிலேயே தடுமாறி விழும் பிள்ளை தமிழனாயினும் முஸ்லிமாயினும் வலி ஒன்றே.

இவற்றை நாம் கேட்பதில்லை. ஆதலால் எவரும் பதில் சொல்வதுமில்லை. "உங்கள் பல்கலைக்கழகம்" என்று மேடையில் முழங்கி வாக்குத் திரட்டுபவர், அங்கே ஒரு தராசு பழுதாகிக் கிடந்தால் திரும்பியும் பாரார். எங்கள் பிரிவினையே அவர்களின் முதல். அதன் வட்டியைக் கட்டுவது எங்கள் பிள்ளைகள்.

ஆகவே, அடுத்த விண்ணப்பம் நிரப்பப்படுமுன் அவ்விரு தந்தையரும் ஒரே வாங்கில் அமரட்டும். இக்கேள்விகளைச் சேர்ந்தே எழுதி இரு பீடங்களிடமும் கேட்கட்டும். பதிலைப் பார்த்துப் பாண்டிருப்புப் பிள்ளை சம்மாந்துறையைத் தேரலாம். மருதமுனைப் பிள்ளை வந்தாறுமூலையைத் தேரலாம். மறுதலையாகவும் அமையலாம். தேர்வது பாடத்துக்காக இருக்கட்டும், பயத்துக்காக அல்ல.