வீட்டுத் தோட்டம்: ஓடும் மழையை உட்கார வைப்போம்



ஒக்டோபர் பிறந்துவிட்டால் புத்தளத்திலும் மன்னாரிலும் மழையைத்தான் எதிர்பார்த்திருப்போம். ஆனால் மழை வந்ததும் என்ன செய்கிறோம்? முற்றத்தில் தண்ணீர் தேங்கக் கூடாதென்று வாய்க்கால் வெட்டி வீதிக்கு அனுப்பிவிடுகிறோம். ஜூலையில் அதே முற்றத்துச் செடிகளுக்குக் கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளி ஊற்றுகிறோம்.

ஒரு சிறு கணக்குப் பாருங்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். 600 சதுர அடிக் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் சுமார் 1,400 லீற்றர். வீணாவதைக் கழித்தாலும் 10 லீற்றர் வாளியால் 100 வாளிக்குக் குறையாது!

கற்பிட்டிப் பக்கம் மணலுக்குள் இறங்கும் மழைநீர்தான் உவர்நீரின் மேல் நன்னீராக நிற்கிறது. மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலே ஏறிவிடும். ஆகவே முற்றத்தில் இறங்கும் மழை செடிக்கு மட்டுமல்ல, கிணற்றுக்கும் உதவி.

செய்முறை எளிது. சுவரிலிருந்து பத்தடி தள்ளி, மலசலகூடக் குழிக்குத் தூரமாக, தாச்சி வடிவில் ஐந்தடி அகலம், ஓரடி ஆழத்தில் குழி வெட்டுங்கள். வெட்டிய மண்ணைப் பள்ளமான பக்கத்தில் வரம்பாகப் போடுங்கள். கூரைப் பீலித் தண்ணீரை இதற்குள் விடுங்கள். மிஞ்சும் நீர் வழிய வரம்பில் ஒரு வாய் வையுங்கள். குழியின் அடியில் தேங்காய்ப் பொச்சுகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, மேலே சருகு பரப்புங்கள். முற்றம் கூட்டிய சருகை இனி எரிக்க வேண்டாம். அது மண்ணின் ஈரம் காயாமல் காக்கும் போர்வை. வுழூச் செய்யும் தண்ணீரையும் இக்குழிக்கே திருப்பலாம்.

ஒரு எச்சரிக்கை. தண்ணீர் ஒரு நாளில் மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும். நாட்கணக்கில் நின்றால் நுளம்பு பெருகும், டெங்கு வரும். களிமண் நிலமென்றால் குழியின் ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுங்கள்.

என்ன நடலாம்? நம் வறண்ட மண்ணுக்குப் பழகிய விளா, நெல்லி, கறிவேப்பிலை, ஆவரை போன்றவை ஏற்றவை. ஆவரம்பூவைக் காயவைத்துத் தேநீர்போல் குடிக்கலாம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. தண்ணீர் நிற்கும் நடுவில் நடாமல் குழியின் விளிம்பில், மழை தொடங்கும்போதே நடுங்கள். முதலாவது கோடையில் மட்டும் வாரம் ஓரிருமுறை தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றுங்கள். வேர் ஆழமாக இறங்கிய பின் உங்கள் வாளிக்கு வேலை குறைந்துவிடும்.

பெரிய செலவொன்றுமில்லை, ஒரு மண்வெட்டியும் ஒரு காலை நேரமும் போதும். வரும் மழைக்கு முன் ஒரேயொரு குழியாவது வெட்டிப் பாருங்கள். மழை பெய்யும்போது பிள்ளைகளையும் வாசலில் நிறுத்திக் காட்டுங்கள். தண்ணீரின் அருமையை அவர்களும் கண்ணால் கண்டு பழகட்டும்.