தோப்புக் கணக்குக்கும் படிப்புக்கும் எந்த லேப்டாப்?

கேள்வி: ஒரு ஏக்கர் தென்னந்தோப்பு உள்ளது. மகள் பி.காம். சேர்ந்திருக்கிறாள். தேங்காய் வெட்டிய பணத்தில் அவளுக்கு லேப்டாப் வாங்க வேண்டும். செலரான் போட்டது விலை குறைவு என்று நாகர்கோவில் கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா? தோப்புக் கணக்கும் அதில் எழுதலாமா?
– வாசகர், இராஜாக்கமங்கலம்

பதில்: முதலில் கல்லூரி அலுவலகத்தில் விசாரியுங்கள். 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்குவதாகத் தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. மகளுக்குக் கிடைக்குமானால் தேங்காய்ப் பணம் மிச்சம்.

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், இந்த இரண்டு வேலைக்கும் சின்ன பிராசஸர் தாராளம். ஆழமில்லாத கிணற்றுக்கு யாரும் பெரிய மோட்டார் மாட்டுவதில்லை. ஆனால் செலரான் என்ற பெயர் மட்டும் போதாது. இன்டெல் நிறுவனம் 1998 முதல் விலை குறைந்த பிராசஸர்களுக்கு இட்டுவந்த பெயர் அது. நெல் என்றால் ரகம் கேட்போம் அல்லவா, அதுபோல எண்ணைக் கேளுங்கள். என்3350 என்றால் வேண்டாம். விண்டோஸ் 11-க்கு அது தகுதி பெறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. என்4020-இல் விண்டோஸ் 11 ஓடும், ஆனால் இரண்டே கோர். நாலைந்து பக்கங்களைச் சேர்த்துத் திறந்தால் திணறும். 2023-இல் வந்த என்100-க்கு நான்கு கோர். பெயரில் செலரான் இருக்காது, கடையில் குழம்ப வேண்டாம். பி.காம். பிள்ளைக்கு இது சரி.

என்100-இன் மின் அளவு 6 வாட். வேலை கூடும்போது ஏறும். மேசைக் கம்ப்யூட்டர் பிராசஸர்கள் பலவும் 65 வாட். மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் பேட்டரி தாக்குப்பிடிக்கும். சூடு குறைவு என்பதால் இவ்வகையில் பல லேப்டாப்புகளுக்கு ஃபேனே கிடையாது. உப்புக்காற்று வீசும் ஊரில் இது நல்லதே: வெளிக்காற்றை உள்ளே இழுக்க ஆள் இல்லை.

ஏமாறுகிற இடம் வேறு. 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு என்று மலிவாக வைத்திருப்பார்கள். விண்டோஸ் 11-க்கு அது உயிர்த்தண்ணீர் அளவுதான், விளைச்சலுக்குப் போதாது. பல மாடல்களில் இரண்டையும் பலகையோடு பற்றவைத்திருப்பதால் பிறகு கூட்டவும் முடியாது. 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி இருக்கிறதா என்று பார்த்து, பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

டிவியில் மாட்டும் மினி கம்ப்யூட்டரும் இதே பிராசஸரில் வருகிறது. பேட்டரி கிடையாது, கல்லூரிக்கும் தூக்கிப்போக முடியாது.

தோப்புக் கணக்குக்கு மட்டும் என்றால் புதிதே தேவையில்லை. 2011 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த லேப்டாப் ஏதாவது சொந்தக்காரர் வீட்டுப் பரணில் கிடக்கும். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் ஏற்றினால் வெட்டுத் தேதி, காய் எண்ணிக்கை, ஏறுகூலி, உரச்செலவு எல்லாம் எழுதலாம். பழைய பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் சார்ஜில் போடாதீர்கள். மெக்கானிக்கிடம் கொடுத்துக் கழற்றிவிடுங்கள்.