மின்னேற்றி காரில், பாதுகாப்போ சுவரில்!

தியாகராய நகரில் பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள குடியிருப்புத் தெருக்களில் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒருமுறை நடந்து பாருங்கள். கடைத்தெருவின் இரைச்சல் ஓய்ந்திருக்கும். அடுக்குமாடி வீடுகளின் கீழே கார்கள் வரிசையாக நிற்கும். அவற்றுள் ஒன்று சிறிய மின்சாரக் காராக இருக்கலாம். அதன் முகப்பிலிருந்து ஒரு கம்பி கிளம்பி, சுவரோரமாக ஏறி, இரண்டாம் மாடிப் பால்கனிக்குள் நுழைவதையும் காணலாம். மின்சாரக் கார் நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் கம்பி நல்லதன்று. ஏன் என்பதை உங்கள் பௌதிகப் பாடத்தைக் கொண்டே விளக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைப் போக்கிவிடுவோம். சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியை எல்லோரும் 'சார்ஜர்' என்கிறார்கள். வீட்டு மின்சாரத்தில் ஏற்றும்போது உண்மையான மின்னேற்றி காருக்குள்ளேதான் இருக்கிறது. வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். மின்கலம் ஏற்பதோ நேர்திசை மின்னோட்டம் மட்டுமே. ஒன்றை மற்றொன்றாக மாற்றி, மின்கலத்துக்கு ஏற்ற அழுத்தத்தில், ஏற்ற அளவில் ஊட்டுவதே காருக்குள் உள்ள மின்னேற்றியின் வேலை. கலம் நிரம்பி வரும்போது மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைப்பதும் அதுவே. சுவர்ப் பெட்டியோ வாயிற்காவலனைப் போன்றது. எர்த் இருக்கிறதா, மின்கசிவு உண்டா என்று பார்த்த பிறகே மின்சாரத்தை உள்ளே விடும்.

இது நம் நாட்டுக்குப் புதிதன்று. 2001-இல் பெங்களூரில் விற்பனைக்கு வந்த 'ரேவா' என்னும் சின்னஞ்சிறு காரில் ஆறு வோல்ட் காரீய-அமில மின்கலங்கள் எட்டு இருந்தன. மொத்தம் 48 வோல்ட். 2.2 கிலோவாட் மின்னேற்றியும் காரிலேயே பொருத்தப்பட்டிருந்தது. வீட்டு 15 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் போதும். இதே கார் 'ஜி-விஸ்' என்ற பெயரில் இலண்டன் தெருக்களிலும் ஓடியது.

இன்றைய சிறிய கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எம்.ஜி. காமெட் காரின் மின்கலம் ஏறத்தாழ 17 கிலோவாட்-மணி ஆற்றலைக் கொள்ளும். அதன் மின்னேற்றி 3.3 கிலோவாட். திறனை மின்னழுத்தத்தால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 14 ஆம்பியர் வரும். துணி தேய்க்கும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி நான்கு ஆம்பியருக்குச் சற்று மேல்தான் இழுக்கும். அதுவும் விட்டுவிட்டு, அரைமணி நேரம். காரோ 14 ஆம்பியரை மணிக்கணக்கில், பெரும்பாலும் நாம் எல்லோரும் உறங்கும் நேரத்தில், இடைவிடாமல் இழுக்கிறது.

சாக்கெட் பழசாகி, பிடி தளர்ந்திருக்கிறது என்று கொள்வோம். தொடும் இடத்தில் 0.1 ஓம் மின்தடை ஏற்பட்டால் என்ன ஆகும்? மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்குங்கள். 14 × 14 × 0.1, ஏறத்தாழ 20 வாட். ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயத்தை உருக்கும் பற்றவைப்புக் கோல் 25 வாட்தான். அதைப் போன்ற ஒன்றைப் பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் வைத்துவிட்டு இரவெல்லாம் உறங்குவீர்களா? பால்கனியிலிருந்து தொங்கும் மெல்லிய நீட்டிப்புக் கம்பியிலும் இதே கதைதான். அதைச் சுருட்டி வைத்தால் வெப்பம் வெளியேற வழியின்றி ஆபத்து இன்னும் பெருகும்.

அடுத்தது எர்த். மூன்று முனைப் பிளக்கில் ஒரு முனை மட்டும் தடித்து, நீண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது எர்த் முனை. செருகும்போது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும் என்பதற்காகவே அந்த நீளம். காரின் உலோக உடல் ரப்பர்ச் சக்கரங்களின் மேல் நிற்கிறது. தரையோடு அதற்கு நேரடித் தொடர்பில்லை. மின்னேற்றிக்குள் பழுது ஏற்பட்டு உடலில் மின்சாரம் பாய்ந்தால், எர்த் கம்பி அதைப் பூமிக்குக் கொண்டுபோக வேண்டும். எர்த் இல்லாவிட்டால், ஈரத் தரையில் நின்று கதவைத் தொடும் மனிதரே அதற்கு வழியாகிவிடுவார்.

பழைய கட்டடங்கள் பலவற்றில் எர்த் சரியாக இருப்பதில்லை. காவலனாகிய பெட்டி அதைக் கண்டுபிடித்து, ஏற்ற மறுக்கும். உடனே சிலர் சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துப் பெட்டியை ஏமாற்றிவிடுகிறார்கள். விளக்கு பச்சையாகும், ஆபத்தும் அங்கேதான் தொடங்கும். எங்கேனும் நியூட்ரல் கம்பி அறுந்தால், காரின் உடல் முழுவதும் 230 வோல்ட்டாகிவிடும். பெட்டி 'இல்லை' என்று சொன்னால், அதற்கு நன்றி சொல்லி மின்பணியாளரை அழைப்பதே அறிவுடைமை.

நம் ஊருக்கே உரிய மற்றொன்றும் உண்டு. தியாகராய நகர் 1920-களில் ஒரு நீண்ட ஏரியைத் தூர்த்து எழுப்பிய பகுதி. தண்ணீர் தன் பழைய இடத்தை மறப்பதில்லை. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் இத்தெருக்களில் வெள்ளம் நின்றதைப் பெரியவர்களிடம் கேளுங்கள். கார் நிற்பது தரைத்தளத்தில். ஆகவே சாக்கெட்டும் சுவிட்சும் அந்த வெள்ளக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். நீர் ஏறத் தொடங்கும் முன்பே, மேலே உள்ள முதன்மைச் சுவிட்சை அணைத்துவிட வேண்டும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? காருக்கென்றே மீட்டர்ப் பலகையிலிருந்து தனி இணைப்பு. தூரத்துக்கேற்ற தடிப்புள்ள செப்புக் கம்பி. 16 ஆம்பியர் உறுதியான சாக்கெட். அளந்து பார்த்த எர்த். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புச் சுவிட்சு. இந்தச் சுவிட்சு 'ஏ' வகையாக இருப்பது அவசியம். கசிவில் நேர்திசைத் துடிப்பு கலந்திருந்தால் சாதாரண 'ஏசி' வகை அதை உணராமல் போகலாம். பழைய காரில் மின்னேற்றியைப் புதிதாகப் பொருத்துவோருக்கும் ஒரு சொல்: காரீய-அமிலக் கலத்துக்கான மின்னேற்றியை லித்தியம் கலத்தோடு இணைக்கக் கூடாது. இரண்டின் உச்ச அழுத்தங்களும் வேறு. அளவு மீறினால் லித்தியம் கலம் தீப்பற்றும்.

"இதற்கெல்லாம் குடியிருப்புச் சங்கம் சம்மதிக்காது, தீப்பிடிக்கும் என்று அஞ்சுகிறார்கள்" என்று சிலர் சொல்வார்கள். அச்சம் நியாயமானதே. ஆனால் அனுமதி மறுப்பதால் கார் மறைந்துவிடுவதில்லை. பால்கனிக் கம்பிதான் இறங்குகிறது. மறுக்கும் சங்கம் தான் அஞ்சிய ஆபத்தையே வரவழைத்துக்கொள்கிறது. வீட்டில் உள்ள மின் இணைப்பிலேயே காருக்கு மின்னேற்றலாம் என்று ஒன்றிய மின் அமைச்சகம் 2022 ஜனவரி நெறிமுறைகளில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே முறையான இணைப்புக்கு வழி விடுவதே சங்கத்தின் கடமை என்பது என் கருத்து. செலவில் ஒரு பங்கைக் கார் உரிமையாளர் ஏற்கட்டும். எர்த்தைச் செப்பனிடும் செலவைச் சங்கம் ஏற்கட்டும். எர்த் நன்றாக இருந்தால், கார் இல்லாத வீட்டின் குளிர்பதனப் பெட்டிக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் அதுவே காவல் அல்லவா?

நண்பர்களே, நீங்கள் எந்தக் கம்பியையும் தொட வேண்டாம். பாருங்கள், கணக்கிடுங்கள், கேள்வி கேளுங்கள். உங்கள் கட்டடத்தில் எர்த்தைக் கடைசியாக எப்போது அளந்தார்கள் என்று இன்று மாலையே அப்பாவிடமோ சங்கச் செயலாளரிடமோ கேளுங்கள். பதில் வராவிட்டால், மின்பணியாளரை அழைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.